ஒரு வாய் வைத்துப் பார்த்த தண்ணீர்

— அசையாதீங்க! ஊசி கல்லீரலுக்குள்ள நிக்குது. மூச்சுகூட மெதுவா விடுங்க.

— டாக்டரம்மா, ஊர்ல இருக்கிற குழாய் அடைப்பெல்லாம் எடுத்தவன் நான். இன்னிக்கு என்னையே ஓட்டை போட்டு வடிக்கிறீங்களே!

— நக்கல் வேறயா? ராத்திரி பூரா காய்ச்சல்ல வெடவெடன்னு நடுங்குன மனுஷன்! டாக்டர், குடியை விட்டுட்டேன்னு என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணவரு இவரு. இப்ப ஈரல்ல சீழ்னா என்ன அர்த்தம்? மறுபடி தொட்டிருந்தார்னா, பிள்ளைங்களோட இன்னிக்கே எங்கம்மா வீட்டுக்குக் கிளம்பிடுவேன்.

— ஊசி குத்தியிருக்கிறப்பவா பஞ்சாயத்து? ஒரு சொட்டு தொடலைடி!

— ரெண்டு பேரும் நிறுத்துங்க. வருது... வருது! ஸ்கேன்ல பாருங்கம்மா, கட்டி சுருங்குது! இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா வெடிச்சு நெஞ்சுக்குள்ள பாய்ஞ்சிருக்கும்.

— ஐயோ, என்ன டாக்டர் இது, சாக்லேட் கரைச்ச மாதிரி?

— அதுதான் நல்ல சேதி! ரத்த டெஸ்ட்டும் அதையேதான் சொல்லுது. அமீபா! கழிவு கலந்த தண்ணியில வர்ற கிருமி. குடல்ல குடியேறி, ரத்தத்தோட ஈரலுக்கு ஏறியிருக்கு. மாத்திரைக்கு அடங்கிடும். குடல்ல ஒளிஞ்சிருக்கிறதுக்குத் தனி மாத்திரை. அவ்வளவுதான், ஊசியை எடுத்தாச்சு!

— அப்ப... குடிச்சதால இல்லியா?

— இல்லவே இல்லை.

— கேட்டியாடி? நல்லாக் கேட்டியா?

— சரி சரி, ரொம்பத் துள்ளாதீங்க. ஆனா டாக்டர், வீட்ல கொதிக்க வச்ச தண்ணிதானே குடுக்கிறேன்?

— அப்ப வெளியிலதான். குழாய்க்காரரே, எங்கெங்க குடிச்சீங்க?

— குடிக்கிறதில்லைங்க, ருசி பாக்கிறது. குழாயை ஒட்டுனதும் ஒரு வாய் வச்சுப் பாப்பேன். சாக்கடை கலந்திருந்தா நாக்கு காட்டிக்குடுத்துடும்.

— உங்க நாக்குக்கு அமீபா தெரியாதுங்க! சந்தேகமா ஏதாவது இடம்?

— ரெண்டு மாசம் முன்னாடி, ஒரு பெரிய தொட்டி. பக்கத்துலயே கக்கூஸ் குழாய் விரிசல் விட்டுக் கிடந்துச்சு. ஒரு வாய் வச்சேன். தேன் மாதிரி இருக்கு, திறந்துவிடுங்கன்னு நான்தான் சொன்னேன்.

— அடப்பாவி மனுஷா! எத்தனை பேர் குடிக்கிறாங்களோ!

— எந்த இடம்னு சொல்லுங்க, உடனே மூடச் சொல்லணும். இருங்க, எனக்கே தொண்டை வறண்டுடுச்சு, ஒரு மடக்கு குடிச்சுட்டு...

— டாக்டரம்மா, டம்ளரைக் கீழ வைங்க! அது உங்க ஆஸ்பத்திரிக்குத் தண்ணி ஏத்துற தரையடித் தொட்டிதாங்க!