அம்மி மிதிக்கிற கால்

"ஓட ஓடக் கால் பெருத்துக்கிட்டே போவுதுக்கா." கோவில்பத்தில் பஸ் ஏறி எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்த இரண்டு பெண்களில் இளையவள் இப்படித்தான் ஆரம்பித்தாள்.

"எங்கடி ஓடுற?"

"பீச்சு மணல்லதான். கபடி ஆடுன காலு, கல்யாணத்துக்குள்ள கொஞ்சம் இளைக்கட்டுமேன்னு."

"மணல்ல ஓடுனா கெண்டைக்கால் கல்லாட்டம் இறுகத்தான் செய்யும். புடவைக்குள்ள இருக்குற கால யாருடி பாக்கப்போறா?"

"அம்மி மிதிக்கறப்ப அவருதானக்கா என் காலப் புடிச்சுத் தூக்கி வைக்கணும்! அவரு சரியான ஒல்லிக்குச்சி."

மூத்தவள் சிரித்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார். "அப்ப அவர ஜிம்முல சேரச் சொல்லு."

"போன வாரமே சேந்துட்டாருக்கா. ஏன்னு கேட்டா, நான் கபடி ஆடுன போட்டோவ யாரோ காட்டிட்டாங்களாம்."