ஏழாம் பக்கத்தின் தேதி

கையேட்டில் ஒரு வாக்கியம் பன்னிரண்டு சொல்லுக்கு மேல் போகக் கூடாது சார். போனால் படிப்பவர் பாதியில் விட்டுவிட்டு அடுத்த படத்துக்குத் தாவிவிடுவார். பதினாறு வருடம் பெங்களூரில் நான் பார்த்த வேலை அதுதான். மென்பொருள் எழுதுபவர்கள் ஒரு பக்கம், அதைப் பயன்படுத்துகிறவர்கள் ஒரு பக்கம். நடுவில் உட்கார்ந்து விளக்கம் எழுதுவேன். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் செம்மண்டலம் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டேன்.

சேரன் என்னோடு கல்லூரியில் படித்தவன். சிதம்பரம் கீழ வீதியில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து 'கரைச்செய்தி' என்ற மென்பொருளை எழுதினான். செல்போன் சிக்னல் எட்டாத கடலில், ஃபைபர் படகில் பொருத்தும் சின்னப் பெட்டிக்குள் அது ஓடும். ஆபத்தில் பட்டனை அழுத்தினால் படகு நிற்கும் இடம் ரேடியோ வழியாகக் கரைக்கு வரும். ஓப்பன் சோர்ஸ், யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கலாம், திருத்தலாம். ஆனால் பெட்டியை எப்படிப் பொருத்துவது என்று நாலு வரி எழுத அவனுக்கு வராது. நாளெல்லாம் போனில் ஒவ்வொருவருக்காகச் சொல்லிக்கொண்டிருப்பான்.

அதற்கான இணையதளத்தை நான் கட்டினேன். பதினொரு பக்கங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் தேவனாம்பட்டினத்தில் யாராவது ஒரு மீனவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லி, எங்கே தடுக்கிறது என்று பார்த்துத் திரும்ப எழுதினேன். தளத்தை வெளியிட்ட வாரமே சேரனுக்குப் போன் வருவது நின்றது. ஏதாவது பிழை தெரிந்தால் யாரும் அவனைத் தொந்தரவு செய்ய வேண்டாம், தளத்திலுள்ள படிவத்தில் எழுதுங்கள் என்று நான்தான் ஏற்பாடு செய்தேன். படிவம் என் மெயிலுக்கு மட்டும் வரும். தளத்தின் கடவுச்சொல்லும் என்னிடம் மட்டும்தான் இருந்தது. நாலு பேர் கை வைத்தால் நடை கெட்டுவிடும்.

எல்லோருக்கும் பிடித்தது ஏழாம் பக்கம். 'பச்சை விளக்கு எரிந்தால் உங்கள் செய்தி கரைக்கு வந்துவிட்டது. பதறாமல் படகிலேயே இருங்கள்.' இந்த இரண்டு வாக்கியத்தையும் ஸ்டிக்கராக அச்சடித்துப் படகுகளில் ஒட்டினார்கள். அதை எழுத எனக்கு ஒன்பது நாள் ஆனது.

அக்டோபர் கடைசியில் சேரன் புதிய பதிப்பை வெளியிட்டான். நவம்பர் ஆறாம் தேதி இளமதியிடமிருந்து படிவம் வந்தது. மீனவக் குடும்பத்துப் பெண், எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். புதிய பதிப்பை ஏற்றினால், செய்தி எந்தக் கரை நிலையத்துக்குப் போக வேண்டும் என்று பெட்டியில் பதிந்திருக்கும் கரை எண் அழிந்துவிடுகிறது, அதைத் திரும்பப் பதியாவிட்டால் பட்டனை அழுத்தும்போது விளக்கு எரியும், செய்தி போகாது என்று எழுதியிருந்தாள். கீழே, 'அண்ணா, ஏழாம் பக்கத்துல நீங்க எழுதுனது இப்ப தப்பு. சீக்கிரம் மாத்திடுங்க' என்று ஒரு வரி.

இருபத்தெட்டாம் தேதி சிதம்பரத்தில் ஒரு விழா இருந்தது. எங்கள் தளத்தைத் திரையில் காட்டி எங்களைக் கௌரவிப்பதாக இருந்தார்கள். காட்டப்போவது ஏழாம் பக்கம். அதன் தலையில் ஓர் எச்சரிக்கையை ஒட்டினால் பக்கம் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். விழா முடிந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று வைத்தேன். இருபத்திரண்டு நாள்தான். மழைக்காலத்தில் பாதிப் படகுகள் கடலுக்கே போவதில்லை.

பன்னிரண்டாம் தேதி தேவனாம்பட்டினத்து அஜய் தன் அக்காள் புருஷன் பழனிவேலின் படகுப் பெட்டியில் புதிய பதிப்பை ஏற்றினார். என் பக்கத்தைப் பார்த்து, ஒவ்வொரு படியாக, சரியாகச் செய்தார்.

இருபத்துமூன்றாம் தேதி காலை பழனிவேலும் அவரோடு தொழிலுக்குப் போகும் சார்லஸும் கடலுக்குப் போனார்கள். பத்து மணிவாக்கில் இன்ஜின் நின்றது. காற்று ஏறியது, படகுக்குள் தண்ணீர் வரத் தொடங்கியது. பழனிவேல் பட்டனை அழுத்தினார். விளக்கு எரிந்தது. கொஞ்ச தூரத்தில் வேறொரு படகு தெரிந்ததாம். டீசல் கேனைப் பிடித்துக்கொண்டு நீந்திப் போய்விடலாம் என்று சார்லஸ் சொல்லியிருக்கிறார். அதற்குப் பழனிவேல் சொன்னதைச் சார்லஸே பின்னால் என்னிடம் சொன்னார்.

"வௌக்கு எரியுது பாரு மச்சான். வந்துடுவாங்க. எழுதியே ஒட்டியிருக்குது இல்ல. ஒக்காரு."

மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். அந்த இன்னொரு படகு போய்விட்டது. பிறகு ஓர் அலை இவர்கள் படகைக் கவிழ்த்தது. கேனைப் பிடித்து மிதந்த சார்லஸைப் புதுச்சேரிப் படகு ஒன்று தூக்கியது. பழனிவேல் இரண்டு நாள் கழித்துக் கரை ஒதுங்கினார்.

படகைக் காணவில்லை என்று அன்று சாயங்காலம் சேரன் போன் செய்தான். பெட்டியிலிருந்து கரைக்கு ஒன்றுமே வரவில்லை என்றான். பேசி முடித்ததும் கணினியைத் திறந்தேன். கரை எண்ணைத் திரும்பப் பதிய வேண்டும், இல்லாவிட்டால் விளக்கு எரிந்தாலும் செய்தி வராது என்று ஏழாம் பக்கத்தில் சேர்த்தேன். நாலு நிமிட வேலை. பக்கத்தின் அடியில் 'கடைசியாகத் திருத்திய நாள்' என்று ஓர் இடம் உண்டு. அதை நாம்தான் தட்டச்ச வேண்டும். நவம்பர் ஏழு என்று தட்டினேன்.

அதன்பிறகு நான் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. எல்லோரும் பக்கத்தைப் பார்த்தார்கள், தேதியைப் பார்த்தார்கள், அஜயைப் பார்த்தார்கள். இளமதி போன் செய்து அழுதாள். "நல்ல வேளண்ணா, நான் அனுப்புன மறுநாளே நீங்க போட்டுட்டீங்க. இல்லன்னா நம்ம மேல இல்ல வந்திருக்கும்" என்றாள். விழாவும் நடந்தது. பழனிவேலுக்காக ஒரு நிமிடம் எழுந்து நின்றோம். பிறகு எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

பழனிவேலின் மனைவி ராணியம்மாள் கூடப்பிறந்த தம்பியை வீட்டுக்குள் விடவில்லை. ஊரில் எந்தப் படகிலும் அவரை ஏற்றிக்கொள்ளவில்லை. கம்மாபுரம் பக்கம் லோடு ஏற்றும் வேலைக்குப் போய்விட்டார்.

பொங்கல் கழிந்து ஒரு நாள் என் வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"நான் ரெண்டு வாட்டி படிச்சேண்ணா. எழுத்துக் கூட்டி கூட்டி படிச்சேன். அந்த வரி எப்பிடி என் கண்ணுல படாம போச்சு? கண்ணாஸ்பத்திரிக்கு போய் காட்டுனேன். பார்வ நல்லாதான் இருக்குதுன்றாங்க."

"சில சமயம் கண்ணு தாண்டிப் போயிடும் அஜய்" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டார். அம்மா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

போன மாதம் அஜய் இந்த ஸ்டேஷனுக்கு வந்து, தன் கவனக்குறைவால்தான் மாமா இறந்தார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டதாகவும், ஃபைலை மூடிவிட்டதாகவும் சொல்கிறீர்கள். அவரை நேற்று பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன் சார். கடைப் பலகை ஒன்றை ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். முடித்ததும் முதலிலிருந்து தொடங்கினார். என்னைப் பார்த்ததும் வணக்கம் சொன்னார். நான் இன்று இங்கே வந்ததற்கு வேறு காரணம் இல்லை.

நான் சொன்னாலும் ராணியம்மாள் நம்புவாரா என்று கேட்கிறீர்கள். நம்பமாட்டார். அஜயும் நம்பமாட்டார். தெரியும்.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். இளமதியின் படிவம் வந்த அன்று அவள் சொன்னது உண்மையா என்று பார்த்தேன். மாதிரிக்காக ஒரு பெட்டி என் மேஜையில் உண்டு. புதிய பதிப்பை ஏற்றிப் பட்டனை அழுத்தினேன். பச்சை விளக்கு எரிந்தது. கரை நிலையத்துக்கு வரும் செய்திகளை என் கணினியில் திறந்து வைத்து அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் வரவில்லை. அதற்கப்புறம்தான் விழா முடியட்டும் என்று முடிவு செய்தேன். மறந்துபோகவில்லை. தெரிந்துதான் விட்டேன். பழனிவேலைக் கொன்றது நான்தான்.

கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன் சார். தளத்தை மட்டும் முடக்கிவிடாதீர்கள். எத்தனையோ பேர் அதைப் பார்த்துத்தான் பெட்டி பொருத்துகிறார்கள். அந்த ஏழாம் பக்கத்தை என்னைப்போல் தெளிவாக எழுத இன்னொருவர் கிடைக்கமாட்டார்.