உதட்டுக்கு எழுதிய வசனம்

எனக்குப் பேய்ப் படம் பார்க்கவே பயம் சார். சிரிக்காதீர்கள். சின்ன பட்ஜெட்டில் கையைச் சுட்டுக்கொள்ளாமல் எடுக்க முடிவது அது ஒன்றுதான், அதனால் எடுத்தேன்.

பண்பொழிக்குப் போகிற வழியில், தோப்புக்குள் ஓடுகிற ஓடையில் ஒரு கசம் இருக்கிறது, ஆழமான இடம். குற்றாலத்தில் சாரல் பிடித்திருந்த வாரம். பேயாக நடித்த மஞ்சு, தென்காசியில் ஜவுளிக்கடையில் வேலை பார்த்த பெண். கழுத்தளவுத் தண்ணீரில் நின்று கேமராவைப் பார்த்து எதையாவது கத்த வேண்டும், அவ்வளவுதான் காட்சி. நீச்சல் தெரியுமா என்று கேட்டேன். "தெரியாது அண்ணாச்சி. நீங்கதான் இருக்கியள்லா" என்றாள். நல்ல பிள்ளை.

எங்கள் மாதிரிப் படங்களில் அந்த இடத்திலேயே ஒலியைப் பதிவு செய்வதில்லை. பிறகு ஸ்டுடியோவில் வேறு குரல் போட்டுக்கொள்வோம். நான் கட் சொல்லும்வரை மட்டும் யாரும் அசையக் கூடாது.

மலையில் மழை பெய்திருக்க வேண்டும், தண்ணீர் கூடியது. மஞ்சுவின் முகம் மாறியது. மூன்று நாளாகக் கெஞ்சியும் வராத பயம் தானாக வந்தது. கேமராமேன் ஜெபஸ்டின், "அண்ணாச்சி, கட் சொல்லுங்க. பிள்ள மெய்யாவே கூப்பிடுதா" என்றான். "இருலே" என்றேன். கட் என்று சொல்ல வாய் வரவில்லை சார், நான் என்ன செய்ய? அவள் முங்கிய பிறகு குதித்தேன். வெளியே எடுத்தபோது உயிர் இல்லை.

வேலை முடிந்து முகம் கழுவும்போது வழுக்கி விழுந்துவிட்டாள் என்று எல்லாரிடமும் சொன்னேன். ஜெபஸ்டினிடம், கேமராவைப் பிடித்திருந்தது நீதானே என்று மட்டும் கேட்டேன். அதற்குப் பிறகு அவன் வாய் திறக்கவில்லை.

அவள் உதட்டசைவுக்குப் பொருந்துகிற வசனம் எழுத நான்கு நாள் ஆனது. "ஒருத்தனையும் விடமாட்டேன்" என்று வேறொரு பெண்ணைப் பேச வைத்தேன். தியேட்டரில் அந்த இடத்தில் விசில் பறக்கிறது. மூன்றாவது வாரம் ஓடுகிறது.

மஞ்சுவின் அம்மா செண்பகவல்லி, மகளைப் பார்க்கத் தினமும் மதியக் காட்சிக்கு வந்தார்கள். டிக்கெட் கேட்காமல் உள்ளே விடச் சொல்லியிருந்தேன். நேற்று வாசலில் என்னை நிறுத்தினார்கள். முப்பது வருஷம் விசைத்தறியில் இருந்தவர்கள். அந்த இரைச்சலில் காது உதவாது, அடுத்தவர் பேசுவதை உதட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள். எனக்கு அது தோன்றவே இல்லை.

"எம்மவ அப்படிச் சொல்லலயே. அண்ணாச்சி, காலு சிக்கிட்டு, தூக்குங்கன்னுல்லா சொல்லுதா. பத்து நாளா பாக்கேன், தெனமும் அதத்தான் சொல்லுதா."

சத்தம் போடவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க எங்கன நின்னிய?" என்று கேட்டார்கள்.

பத்தடி தூரத்தில் நின்றேன். நாற்பது விநாடி. அவள் சொன்னதெல்லாம் என் காதில் நன்றாக விழுந்தது.

எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அந்தக் காட்சியை மட்டும் படத்திலிருந்து எடுத்துவிடாதீர்கள். எனக்காகக் கேட்கவில்லை சார். பாவம், அந்தப் பிள்ளை அவ்வளவு நன்றாக நடித்திருக்கிறாள்.