இரண்டு செடிக்குப் பிறந்த பூ

புல்வெளிக்குப் போகிறவன் முதலில் நல்ல செருப்பு வாங்க வேண்டும். ஈர மண், பாதம் ஊறிப்போகும். என் தங்கை இதையெல்லாம் கேட்கமாட்டாள். அந்த ஈரத்திலேயே மண்டியிட்டு மண்டியிட்டு முழங்காலைத் தொலைத்தவள்.

எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. நானும் அவளும் ஒரே செடிக் காப்பகத்தில் வேலை பார்த்தோம். காட்டுப் பூக்களைக் காயவைத்துத் தாளில் ஒட்டி, இன்ன இனம் என்று சீட்டு எழுதுவதுதான் தொழில். இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால், விளிம்பு மட்டும் ஊதாவாக இருந்த ஒரு வெள்ளைப் பூவைப் புதிய இனம் என்று அறிவித்தவன் நான். வாழ்க்கையில் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான். என்னை எவனும் மதிக்கமாட்டான். ஆனால் என் பெயரைச் சொல்லாமல் அந்தப் பூவைப் பற்றிப் பேச முடியாது.

போன மாதம் தங்கை வந்து நின்றாள். "அண்ணா, கோவிச்சுக்காதே. இது தனி இனம் இல்ல. மேட்டு வெள்ளையும் ஓடைப் பக்கத்து ஊதாவும் கலந்து பொறந்தது. மகரந்தத்தைப் பாரு, பாதி சொத்தை. கலப்புச் செடிக்குத்தான் அப்படி இருக்கும்."

"ஒரு வயித்துல பொறந்த நாமளே ஒண்ணாவா இருக்கோம்? செடிக்குச் செடி வித்தியாசம் இருக்கத்தான் செய்யும்."

"பேச்சை மாத்தாதே. வெள்ளிக்கிழமை கூட்டத்துல வாசிக்கப்போறேன்."

கூடப் பிறந்தவளே குழி பறித்தால் யாரிடம் போய்ச் சொல்ல?

அவளுக்கு ஒரு சோதனைதான் பாக்கி. மேட்டு வெள்ளையின் வேர் கசக்கும், ஊதாவின் வேர் இனிக்கும். என் பூவின் வேர் இரண்டுக்கும் நடுவில் இருந்தால் அவள் சொன்னது உறுதி. எங்கள் ஆட்கள் வேரைக் கடித்தே பார்ப்பார்கள், பழைய பழக்கம். முழங்கால் வலியால், ஊதாவின் வேரைக் கொண்டுவர ஓடைக்கு என்னை அனுப்பினாள்.

ஓடையில் இன்னொரு செடியும் உண்டு. ஆடு மாடுகூட வாய் வைக்காது. முழுச் செடியைக் கொடுத்தால் இலையைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிடுவாள், கெட்டிக்காரி. ஆகவே வேரை மட்டும் கழுவி, ஈரத்துணியில் சுற்றி, ஊதாவின் பெயரைச் சீட்டில் எழுதிக் கட்டினேன். என் சீட்டை அவள் ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை.

"நல்லா இனிக்குதுண்ணா," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நாக்கு மரத்துப்போற மாதிரி இருக்கு."

"தண்ணி குடிம்மா," என்றேன். அவள் கைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அந்த முழங்காலோடு எங்கே ஓடிவிடுவாள்? உள்ளேயிருந்து சில தடவை கூப்பிட்டாள். பிறகு கூப்பிடவில்லை. வெள்ளிக்கிழமைக் கூட்டமும் நடக்கவில்லை.

நீங்கள் அறிக்கையில் என்ன எழுதியிருக்கிறீர்கள்? செடி அடையாளம் தெரியாமல் அண்ணன் வேரை மாற்றிக் கொடுத்துவிட்டார் என்று. காப்பகத்தில் ஆளுக்காள் என் தோளைத் தட்டி, "வயசாச்சுல்ல, கண்ணு தெரிஞ்சிருக்காது, மனசைத் தேத்திக்குங்க," என்கிறார்கள். வயிறு எரிகிறது. அதற்காகத்தான் நானாகவே வந்தேன்.

அது என்ன செடி என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் கொடுத்தேன். அவளைக் கொன்றது நான். என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள், ஆனால் அந்த வரியை மட்டும் அடித்துவிடுங்கள். இந்த இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு செடியைக்கூட நான் தப்பாக அடையாளம் சொன்னது கிடையாது.