எழுபத்தொண்ணுலயே நிக்குது

ஸ்டீவன்: அறுபத்தெட்டு... அறுபத்தொம்போது... தோ, எழுபது...

பூமிகா: மூச்ச புடிச்சிக்கோங்க அண்ணி.

சுமலதா: ஏழு மாசப் புள்ளைய வவுத்துல வெச்சிக்கினு மூச்ச வேற புடிக்கணுமா? எனக்கு வரதே பாதி மூச்சுதான்.

ஸ்டீவன்: எழுபத்தொண்ணு.

பூமிகா: ம்...

ஸ்டீவன்: எழுபத்தொண்ணு...

சுமலதா: அடுத்தது எழுபத்திரண்டுண்ணா. மறந்துட்டீங்களா?

ஸ்டீவன்: நின்னுடுச்சி சிஸ்டர். பாருங்க, செவப்புல போட்டுட்டான், எக்ஸ்போர்ட் பெயில்டுன்னு. நான் சொன்னேன்ல? சாஃப்ட்வேர் பிராப்ளம். உலகம் பூரா கீற பேஜாரு இது.

பூமிகா: உலகம் பூரா கல்யாண வீடியோ குடுத்துக்கினுதான கீறாங்க? எங்களுக்கு மட்டும் பத்து மாசமா எழுபத்தொண்ணு பர்சென்ட்டு. எங்க அண்ணன் வந்து கேட்டப்பவும் எழுபத்தொண்ணு.

ஸ்டீவன்: அன்புராஜ் தங்கமான மாப்ள. ஒரு டீய குடிச்சிட்டு, சரி ஸ்டீவன் பாத்து குடுங்கன்னு போய்ட்டாரு. மாப்ள தங்கச்சி நீதான், கல்யாணப் பொண்ணையே மீஞ்சூர்லேர்ந்து டிரெயின் ஏத்தி கூட்டியாந்து என் ஸ்டுடியோவுல குந்த வெச்சிட்ட.

சுமலதா: எனக்கு மட்டும் ஆசையாண்ணா? ஞாயித்துக்கிழம வளகாப்பு. எங்க நைனா முத முதலா எங்க ஊட்டுக்கு வராரு. லவ் மேரேஜுன்னு சொல்லி கல்யாணத்துக்கே வராம, ஆரம்பாக்கத்துல கதவ சாத்திக்கினு குந்துன மனுசன்...

பூமிகா: எங்கம்மா சும்மா இருக்குமா? ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்குது. சம்மந்தி சாப்ட்டு கை கழுவுனதும் டிவில தாலி கட்டுறத போடப் போறேன், எதுக்கு வராம போனோம்னு அவரு பாக்கட்டும்னு.

ஸ்டீவன்: மணியம்மாக்காவா? அவங்க சொன்னா செய்வாங்களே...

சுமலதா: அது ஓடலன்னா, எங்க நைனாவுக்காக நான்தான் மறச்சிட்டேன்னு அத்த ஆரம்பிப்பாங்க. அவரு காதுலயும் விழும். அப்புறம் எங்க ஊட்டுப் படிய மறுபடி மிதிப்பாரா? எனக்கு ராத்திரில தூக்கமே இல்லண்ணா.

ஸ்டீவன்: ... டீ சொல்லட்டா?

பூமிகா: டீயெல்லாம் அப்புறம். ண்ணா, நான் சிப்காட்டுல குவாலிட்டி செக்ஷன். எங்க கம்பெனில ஒரு போல்ட்டு லூசாயிட்டா இன்னா பண்ணுவோம் தெரியுமா?

ஸ்டீவன்: டைட்டு பண்ணுவீங்க.

பூமிகா: இல்ல. ஒய்-ஒய் போடுவோம். அஞ்சு தபா ஏன், ஏன்னு கேட்டுக்கினே போனா காரணம் தானா வெளிய வந்து நிக்கும். இன்னிக்கி உங்களுக்கு போடப் போறேன்.

ஸ்டீவன்: இது போல்ட்டு இல்லம்மா, கல்யாணம்.

பூமிகா: எல்லாம் ஒண்ணுதான். மொதல்ல, டிஸ்க்குல எடம் கீதா?

ஸ்டீவன்: எரநூறு ஜிபி காலி.

பூமிகா: பென்டிரைவுக்கு நேரா அனுப்புறீங்களா? பழைய ஃபார்மேட்டா இருந்தா நாலு ஜிபிக்கு மேல ஒரே ஃபைல ஏத்தாது.

ஸ்டீவன்: அதெல்லாம் நான் பல்லு மொளைக்கும்போதே பாத்துட்டேன். ஹார்டு டிஸ்க்குக்குத்தான் போவுது.

பூமிகா: கிராபிக்ஸ் கார்ட ஆஃப் பண்ணிட்டு, பிராசஸர்லயே ஓட்டிப் பாத்தீங்களா? கேஷ் மெமரிய அழிச்சீங்களா?

ஸ்டீவன்: ஓட்டினேன். அழிச்சேன். நானும்தான் கொஞ்சம் அழுதேன்.

பூமிகா: அப்ப நான் அனுப்புன நலங்கு கிளிப்பு? அதுல ஏதாச்சும்...

ஸ்டீவன்: அத பேசாத. வாட்சாப்ல நசுங்கி வந்துச்சி, உங்க அத்த மூஞ்சி கட்டம் கட்டமா கோலம் போட்டாப்புல. டாக்குமெண்டா அனுப்பு, டாக்குமெண்டா அனுப்புன்னு தலபாடா அடிச்சிக்கினேன்ல? அப்புறம் நீ ஒழுங்கா அனுப்பி, நான் மாத்திப் போட்டு, அது நல்லாத்தான் ஓடுது.

பூமிகா: அப்ப பாதி பாதியா வெட்டுவோம். மொத பாதி தனியா எக்ஸ்போர்ட் போடுங்க.

ஸ்டீவன்: எதுக்கும்மா... டைம் ஆவும். கரண்டு வேற போனாலும் போவும்...

சுமலதா: போடுங்கண்ணா. நான் குந்திக்கினுதான கீறேன்.

ஸ்டீவன்: ... மொத பாதி ஓடிடுச்சி.

பூமிகா: ஹை! அப்ப கோளாறு ரெண்டாவது பாதில. அத ரெண்டா வெட்டுங்க.

ஸ்டீவன்: பின்பாதி ஓடிடுச்சி. முன்பாதி நின்னுடுச்சி.

பூமிகா: இன்னும் வெட்டுங்க. பாத்தீங்களா அண்ணி, ரிஜெக்ட் ஆன லாட்ட நாங்க இப்படித்தான் பிரிப்போம்... இன்னும் ஒரு தபா... தோ! சிக்கிச்சி! ஒரே ஒரு கிளிப்பு. நாப்பத்தேழாம் நம்பர்.

சுமலதா: இன்னா கிளிப்புண்ணா அது?

ஸ்டீவன்: ... சுமாரான கிளிப்பு.

பூமிகா: இப்ப எண்ணிக்கோங்க. ஒய் நம்பர் ஒண்ணு, எக்ஸ்போர்ட் ஏன் நிக்குது? நாப்பத்தேழு ஒடஞ்ச ஃபைலு. ஒய் நம்பர் ரெண்டு, ஃபைல் ஏன் ஒடஞ்சிது? சொல்லுங்கண்ணா.

ஸ்டீவன்: ரெக்கார்டிங்க நிறுத்துனாத்தான் கேமரா ஃபைல ஒழுங்கா மூடி வெக்கும். நடுவுலயே கேமரா அணைஞ்சிட்டா, மூடாம அப்படியே வுட்டுடும். அதே கேமராவுல எடுத்த வேறொரு நல்ல கிளிப்ப காட்டி ரிப்பேர் சாஃப்ட்வேர்ல போட்டேன். ஐயரு தாலிய தட்டுல எடுத்தாரது வரைக்கும் வந்துச்சி...

சுமலதா: அப்புறம்?

ஸ்டீவன்: அப்புறம் இல்ல சிஸ்டர்.

சுமலதா: இல்லன்னா?

ஸ்டீவன்: இல்லன்னா... இல்ல. மூணு நிமிசம் கேமரா அணைஞ்சி இருந்துச்சி. தாலி கட்டுனது பதிவே ஆவல. அதான் ஒடஞ்ச ஃபைலயே அந்த எடத்துல போட்டு வெச்சி, யாரு வந்தாலும் சாஃப்ட்வேர் மேல பழிய போட்டுக்கினு கீறேன்.

சுமலதா: ஐயோ... அப்ப ஞாயித்துக்கிழம?

பூமிகா: பத்து மாசம் டீ வாங்கிக் குடுத்தே ஓட்டிட்டீங்களேண்ணா! நல்ல ஆளுதான் நீங்க! ஒய் நம்பர் மூணு. கேமரா ஏன் அணைஞ்சிது?

ஸ்டீவன்: வேணாம் பூமிகா.

பூமிகா: ஏன் அணைஞ்சிது?

ஸ்டீவன்: அது ஸ்டாண்டுல வெச்ச கேமரா. பேட்டரி வீக்கு, நேரா கரண்டுல ஓடிக்கினு இருந்துச்சி. கரண்டு நின்னு போச்சி.

பூமிகா: மண்டபத்துலதான் கரண்டு இருந்துச்சே! பேன் சுத்துச்சி, லைட்டு எரிஞ்சிது. நாலாவது ஒய். கேமராவுக்கு மட்டும் ஏன் கரண்டு நின்னுச்சி?

ஸ்டீவன்: மணவற ஓரமா எக்ஸ்டென்ஷன் பாக்ஸு இருந்துச்சில்ல? அதுல கேமரா பிளக்க யாரோ புடுங்கிட்டாங்க.

சுமலதா: யாருண்ணா?

பூமிகா: சரிண்ணா. ரொம்ப தேங்ஸ். அண்ணி, கெளம்பலாம். அஞ்சே முக்கா டிரெயின புடிச்சிடலாம்.

சுமலதா: இன்னாடி, அஞ்சு ஒய்ன்ன?

பூமிகா: சில கேஸுல நாலே போதும் அண்ணி. சாஃப்ட்வேர் பிராப்ளம்தான் இது. பாவம் ஸ்டீவண்ணா.

சுமலதா: குந்துடி. ஒய் நம்பர் அஞ்ச நான் கேக்கறேன். பிளக்க ஏன் புடுங்குனாங்க?

பூமிகா: ... சீரியல் லைட்டு வயருன்னு நெனச்சேன் அண்ணி. சத்தியமா. போன் சார்ஜர் சொருவ எடம் இல்ல. தாலி கட்டி முடிஞ்சதும் திரும்ப சொருவிட்டேன்...

சுமலதா: நீயா!

பூமிகா: இவரு கேமரா செத்துப் போச்சின்னு இப்பதான் தெரியும். எங்கம்மாகிட்ட சொல்லிடாதீங்க, வெலக்குமாத்த எடுத்துடும். ஆமா, ண்ணா... நான்தான்னு உங்களுக்கு மொதல்லயே தெரியுமா?

ஸ்டீவன்: தெரியும். இன்னொரு கேமரா என் கைல இருந்துச்சில்ல? ஸ்டாண்டு கேமரா தாலிய பாத்துக்கும்னு நம்பி, நான் மேடை மேல நின்னு அட்சத போடுற ஜனத்த எடுத்துக்கினு இருந்தேன். ஓரத்துல நீ குனிஞ்சி பிளக்க புடுங்குறது நல்லா ஃபோகஸ்ல கீது.

பூமிகா: அப்ப எனக்காகவா பத்து மாசம் திட்டு வாங்குனீங்க?

ஸ்டீவன்: உனக்காக எதுக்கு? நீ நாலு திட்டு வாங்கிட்டு சிரிச்சிக்கினு போய்டுவ. நான் பயந்தது அந்த போனுக்கு.

சுமலதா: எந்த போனுண்ணா?

ஸ்டீவன்: மயில் கவரு போட்ட போனு. பழத்தட்டு மேல சாச்சி வெச்சது. சிஸ்டர்து. ஸ்கிரீனு மணவற பக்கம் பாத்துக்கினு கீது. அதுல வீடியோ கால்ல ஒரு ஆம்பள... மீச வெச்ச ஆளு... துண்டால வாய பொத்திக்கினு அழுவுறாரு. தாலி ஏறும்போது பொண்ணு போன்ல எவனோ அழுவுறான்னா, அத மாப்ள ஊட்டுல போட்டுக் காட்ட முடியுமா? அந்த சீன வெட்டிட்டேன். வெட்டுனா தாலியும் இல்ல, ஜனமும் இல்ல. அதான் எழுபத்தொண்ணு.

பூமிகா: அண்ணி... போன் அணையாம பாத்துக்கோ, ஸ்கிரீன திருப்பாத, மூணு பர்சென்ட்டுதான் கீதுன்னு மட்டும்தான சொன்னீங்க? அதுக்குத்தான் பிளக்கயே புடுங்குனேன். யாரு அண்ணி அது?

ஸ்டீவன்: சொல்ல வேணாம் சிஸ்டர். எழுபத்தொண்ணுலயே நிக்கட்டும். மணியம்மாக்காகிட்ட நானே வந்து திட்டு வாங்கிக்கிறேன்.

பூமிகா: அழுவுறீங்களா சிரிக்கிறீங்களா அண்ணி? ஏதாச்சும் ஒண்ணு பண்ணுங்க, பயமா கீது.

சுமலதா: எங்க நைனாடி அது. பேச வேணாம், பாத்தா போதும்னு நான்தான் கால் போட்டேன். கதவ சாத்திக்கினு உள்ள குந்தி மூணு முடிச்சையும் பாத்துட்டு, ஸ்கிரீன் ரெக்கார்டும் போட்டு வெச்சிக்கினு, பத்து மாசமா தெனம் ஒரு தபா பாக்குறாரு. அத்த டிவில போடும்போது முத தபா பாக்குறாப்புல மூஞ்ச வெச்சிக்கணும்னு கண்ணாடி முன்னாடி நின்னு பழகிக்கினு வேற கீறாராம்... ஸ்டீவண்ணா, அந்த ரெக்கார்ட நசுங்காம டாக்குமெண்டாவே அனுப்பச் சொல்லட்டா?