காலர் தைத்த ஆரஞ்சுக் கோட்டு

காலர் வைத்த சட்டையைத் தேய்க்கும்போது காலரின் உள்பக்கத்தைத்தான் முதலில் தேய்க்க வேண்டும், மேடம். நுனியிலிருந்து நடுவை நோக்கி. மாற்றிச் செய்தால் ஓரத்தில் சுருக்கம் விழும். எனக்குச் சொல்லிக்கொடுத்தது அம்மா. அவளுக்கென்று காலர் வைத்த சட்டை ஒன்றுகூட இருந்ததில்லை. என் பள்ளிச் சட்டைகளைத் தேய்த்தே கற்றுக்கொண்டாள்.

நீங்கள் எழுதிவைத்திருப்பது தவறு, அதைச் சொல்லத்தான் வந்தேன். புயல் என்று நாங்கள் கூப்பிடுகிறவர் பார்க்காமல் எறிந்துவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் கேட்டுவிட்டுத்தான் எறிந்தார். ஸ்டேஷனுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறார். அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

டிஸ்க் கோல்ஃப் நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். கோல்ஃப் மாதிரிதான். பந்துக்குப் பதில் பிளாஸ்டிக் தட்டு, குழிக்குப் பதில் கம்பத்தில் சங்கிலி தொங்கும் கூடை. தட்டு கனமில்லை, ஆனால் புயல் எறிந்தால் மரப்பட்டை பெயரும். எங்கள் பூங்காவில் ஏழாவது கூடைக்குப் போகும் வழி புதர்களைச் சுற்றி வளைகிறது. எறிபவருக்கு வளைவுக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. அதனால் தட்டு எங்கே விழுகிறது என்று பார்த்துச் சொல்ல வளைவில் ஓர் ஆள் நிற்பார். 'எறியுறோம்' என்று இங்கிருந்து குரல் கொடுப்போம். அவர் மரத்துக்குப் பின்னால் ஒதுங்குவார். பிறகுதான் எறிவோம்.

அந்த ஆள் என் அம்மா. பூங்காவைப் பெருக்குவது அவள் வேலை. பெருக்குபவர்களுக்குக் கொடுக்கும், பளபளக்கும் பட்டை வைத்த ஆரஞ்சுக் கோட்டை உடுப்புக்கு மேல் போட்டிருப்பாள். காணாமல் போன தட்டுகளையெல்லாம் எடுத்துக் கொடுத்துப் பழகி, எங்கள் குழுவுக்கு அவள் ஆரஞ்சக்கா ஆகிவிட்டாள்.

"அக்கா, என் தட்டைப் பாத்தீங்களா?"

"பாத்தேன். உன்கூட இருக்க முடியாதுன்னு ஓடிப்போச்சு. சோறு வைக்காத தட்டுக்கு எதுக்குப்பா இத்தனை பேர் அலையுறீங்க?"

எல்லோரும் சிரிப்பார்கள். அவள் என் அம்மா என்று அவர்களில் யாருக்கும் தெரியாது. குழுவில் சேர்ந்த அன்றே வீட்டில் சொல்லிவிட்டேன். "கிரவுண்டுல என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதம்மா."

"சரிங்க மேடம்" என்றாள். அதன்பின் வீட்டிலும் அது ஒரு விளையாட்டாகிவிட்டது. "மேடம், காபி ஆறுது." நான் சிரித்ததில்லை.

அவளை நான் கேவலமாக நினைத்தேன் என்று எழுதாதீர்கள். மற்றவர்கள் நினைப்பார்கள் என்றுதான் நினைத்தேன். இரண்டும் வேறு.

முதல் தலைமுறைப் பட்டதாரி என்றால் மேடையில் கைதட்டுவார்கள். தட்டி முடித்துவிட்டுச் செருப்பைப் பார்ப்பார்கள். வேலைக்குச் சேர்ந்த வாரம் என் மேலதிகாரி என் சட்டையைப் பார்த்துவிட்டு, "வீட்ல ஆபீஸ் போறவங்க யாராச்சும் இருக்காங்களாம்மா?" என்று கேட்டார். அன்பாகத்தான் கேட்டார். அந்த அன்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அடுத்த சம்பளத்தில் காலர் வைத்த சட்டைகளாக வாங்கினேன். எங்கள் குழுவின் தலைவரும் அவர்தான். அவர் கூப்பிட்டுத்தான் விளையாடப் போனேன்.

எங்கள் பூங்காவில் நடந்த இந்தப் போட்டிக்கு ஒரு நிறுவனம் பணம் போட முன்வந்தது. தலைவர் கூட்டம் போட்டார். "கந்தல் பனியனும் அரை டவுசருமா நின்னா நம்மள யாரு மதிப்பா? ஒரு இமேஜ் வேணும்ல?" நான் எழுந்து ஆடை விதி ஒன்று சொன்னேன். ஆடுபவரோ உதவிக்கு நிற்பவரோ, களத்துக்குள் யார் வந்தாலும் காலர் வைத்த சட்டை. இல்லையென்றால் வெளியே.

"தட்டுக்கும் டை கட்டணுமா?" என்றார் புயல். அவருடைய பனியனைக் குறிவைத்துச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். இல்லை. அம்மாவிடம் காலர் இல்லை என்பது எனக்குத் தெரியும். படம் எடுக்க ஆள் வரும் அந்த ஒரு நாள் அவள் களத்தில் நிற்கக் கூடாது. அதற்காக ஊருக்கே ஒரு விதி போட்டேன். கொஞ்சம் சுற்றுவழிதான். ஆனால் அவள் முகத்தைப் பார்த்து வராதே என்று சொல்வதைவிட அது மரியாதை என்று பட்டது.

போட்டிக்கு முந்தின நாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தேன். அம்மா கண்ணாடி முன்னால் ஆரஞ்சுக் கோட்டோடு நின்றாள். கோட்டில் வெள்ளைக் காலர் இருந்தது. என் பழைய பள்ளிச் சட்டையிலிருந்து வெட்டித் தைத்திருந்தாள்.

"உங்க பசங்க சொன்னாங்க, காலர் இல்லன்னா உள்ள விடமாட்டாங்களாமே. இப்ப பாரு, நானும் சட்டப்படி சரிதானே?"

தையல் நேராக இருந்தது. ஓரத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. உள்பக்கத்தை முதலில் தேய்த்திருக்கிறாள்.

நான் கோபப்படவில்லை. ஆரஞ்சு படத்தில் கண்ணைக் குத்தும், வளைவை விட்டு வெளியே வராதே என்றேன். என் பையிலிருந்து குழுவின் சட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். காலர் வைத்தது, கரும்பச்சை. போட்டுக்கொண்டு இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தப் புதர்ல பச்சையைப் போட்டுக்கிட்டு நின்னா நான் இருக்கறது யாருக்கும் தெரியாதே கண்ணு."

"தெரியணும்னு யாரும்மா கேட்டா?" என்றேன்.

அவள் கண்ணாடியைப் பார்த்துக் காலரைச் சரிசெய்துகொண்டாள். பிறகு, "சரி, ஒரு போட்டோவாவது எடு, ரெண்டு பேரும் சேர்ந்து" என்றாள். எடுத்தேன். வீட்டுக்குள்தானே.

மறுநாள் ஏழாவது கூடைக்கு வந்தபோது தலைவர், பணம் போட்டவர், படம் எடுப்பவர் எல்லோரும் எறியும் மேடையருகே நின்றார்கள். புயல் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"வளைவுல ஆரஞ்சக்கா நிக்கிறாங்களா? ஒண்ணும் தெரியலையே."

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் அவள் இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டு வெளியே வருவாள், எப்போதும் அப்படித்தான். தலைவர் அவளைப் பணம் போட்டவருக்குக் காட்டி ஏதாவது வேடிக்கையாகச் சொல்வார். படம் எடுப்பவர் எங்கள் எல்லோரையும் சேர்த்து நிறுத்துவார். எனக்கும் அவளுக்கும் ஒரே மூக்கு, ஒரே நெற்றி. ஒரே மாதிரி சட்டையும் போட்டிருந்தோம். பக்கத்தில் நின்றால் குழந்தைகூடச் சொல்லிவிடும்.

"அவங்க இன்னிக்கி வரல. அங்க யாரும் இல்ல, எறிங்க" என்றேன்.

யாரும் இல்லை என்ற பிறகு எதற்குக் குரல் கொடுக்க வேண்டும்? புயல் குரல் கொடுக்கவில்லை. எறிந்தார். தட்டு மரத்தில் பட்டால் ஒரு சத்தம் வரும். அது வரவில்லை.

நெற்றிப்பொட்டில் பட்டிருந்தது. அவள் விழுந்த இடத்தில் கல். வண்டியில் கொண்டுபோகும்போது அவளுக்கு நினைவு இருந்தது. புயல் அவள் தலையை மடியில் வைத்திருந்தார். நான் முன் இருக்கையில், தலைவர் பக்கத்தில்.

"அக்கா, வீட்டுக்குச் சொல்லணும். சொந்தக்காரங்க யாரு இருக்கா?"

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரும் இல்ல தம்பி" என்றாள். "மேடம் கூட வராங்கல்ல, போதும்."

சொன்ன சொல்லைக் காப்பாற்றுபவள், மேடம். எங்கள் வீட்டில் அது உண்டு.

ஆஸ்பத்திரியில் சொந்தக்காரர் மட்டும் உள்ளே வரலாம் என்றார் நர்ஸ். தலைவர் என் தோளருகே நின்றிருந்தார். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். கதவில் சிறு கண்ணாடி ஒன்று இருந்தது. அதில் கட்டிலின் கால்பக்கம் மட்டும் தெரிந்தது. அவள் பாதங்களில் பூங்கா மண் ஒட்டியிருந்தது. யாராவது துடைத்துவிடுவார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். சாயங்காலம் நர்ஸ் வெளியே வந்து, உடலை யார் வாங்கிக்கொள்வது என்று கேட்டார். தலைவர் போயிருந்தார். புயலை நீங்கள் இங்கே கூட்டிக்கொண்டு வந்திருந்தீர்கள்.

"நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

"மகள்" என்றேன். அதைக் காதில் வாங்க வேறு யாரும் இல்லை.

எழுதிக்கொள்ளுங்கள். அவள் அங்கே நிற்பது எனக்குத் தெரியும். படத்தில் விழாத இடம் என்று அந்த வளைவில் அவளை நிறுத்தியது நான். பச்சையைப் போடவைத்தது நான். யாரும் இல்லை என்று சொல்லி எறியச் சொன்னதும் நான். சாகட்டும் என்று நினைக்கவில்லை. வெளியே வராமல் இருந்தால் போதும் என்று நினைத்தேன். அவள் வரவில்லை.

பத்திரிகைக்காரர்கள் படம் கேட்பார்கள். என் போனில் இருக்கும் பச்சைச் சட்டைப் படத்தைக் கொடுங்கள், என் பக்கத்தை வெட்டிவிட்டு. அந்த ஆரஞ்சுக் கோட்டுப் படம் எதுவும் வேண்டாம். பார்க்கிறவர்கள் அவளைப் பற்றி என்ன நினைப்பார்கள்? அம்மாவின் மானத்தை நான்தானே பார்த்துக்கொள்ள வேண்டும்.