பெயரில்லாத மேசை

எங்கள் சந்துக்குக் குப்பை வண்டி மாலை ஏழு மணி வாக்கில் பாட்டுப் போட்டுக்கொண்டு வரும். தைவானில் எங்கள் ஊர் கீலுங்கில் பாதி நாள் மழைதான். ஆனாலும் பாட்டுக் கேட்டால் குடையும் குப்பைப் பையுமாக எல்லோரும் இறங்கிவிடுவோம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வண்டி வராது.

நான் கணினியில் பணம் வைத்துப் போக்கர் சீட்டு ஆடிப் பிழைக்கிறவன். எதிராளி எப்போது துணிவான், எப்போது பயப்படுவான் என்று கணக்கு வைத்துச் சொல்லும் மென்பொருள் ஒன்று உண்டு. நான் ஆடும் இணையதளத்தில் அதற்கு வேலையில்லை என்பார்கள். அங்கே யாருக்கும் பெயர் கிடையாது. இருக்கை எண் மட்டும்தான், அதுவும் மேசைக்கு மேசை மாறும். ஆனால் பெயரை மறைக்கிறவர்கள் பழக்கத்தை மறைப்பதில்லை. யோசிக்கும் நேரம், பந்தயத்தின் அளவு, எழுந்து போகும் வேளை, இவற்றைப் பார்க்க என் மென்பொருளைப் பழக்கினேன்.

ஒருவர் சிக்கினார். சந்தில் பாட்டுக் கேட்கும்போதெல்லாம் அவர் இருக்கை காலியாகும். ஞாயிறுகளில் ஆகாது. ஒரு நாள் நானும் பையோடு இறங்கினேன். என் வீட்டுக்கு நேர் மேலே குடியிருக்கும் வெய் அண்ணன், ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், நல்ல சீட்டு கையில் இருக்கும்போதுதான் இந்தச் சனியன் வருகிறது என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"என்ன ஹாவ் தம்பி, ஒண்டிக்கட்டைக்கு இவ்ளோ குப்பையா? கல்யாணம் பண்ணிக்க. பைய தூக்கவாச்சும் ஆள் கிடைக்கும்."

நானும் அதே மேசையில்தான் இருக்கிறேன் என்று சொல்லவில்லை. சொல்வது தளத்தின் விதிக்கு விரோதம். அவரிடம் நிறைய ஜெயித்தேன். தோற்ற மறுநாளும் மீன் உருண்டை சூப் கொண்டுவந்து கொடுப்பார். எனக்கு அவரைப் பிடிக்கும். நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபின் வீட்டுச் சாவி ஒன்றை என்னிடம் தந்தார்.

"மக தைச்சுங்லேர்ந்து வந்து சேர நேரமாவும். நீ கீழயே இருக்க. சத்தம் கித்தம் கேட்டா வந்து பாரு, என்ன?"

சரி என்றேன்.

பிறகு ஒரு நாள் பெரிய போட்டி. கடைசியில் இருவர் மிஞ்சினோம். எதிரில் யாரென்று மென்பொருள் எப்போதோ சொல்லிவிட்டது. வெய் அண்ணன் அன்று அருமையாக ஆடினார். பந்தய வில்லைகள் என்னைவிட இரண்டு பங்கு அவரிடம் இருந்தன. பொழுது சாயும் நேரத்தில் மேலே நாற்காலி விழுந்தது. பிறகு அவர் முறை வந்தது, நேரம் தீர்ந்தது, அவர் சீட்டைத் தளமே கவிழ்த்துவிட்டது. அடுத்த ஆட்டத்திலும் அப்படியே. ஆள் எழுந்து போனாலும் கட்டாயப் பந்தயம் அவர் பங்கிலிருந்து போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டேன். அவர் அவ்வளவு நன்றாக ஆடியிராவிட்டால் சீக்கிரம் முடிந்திருக்கும்.

முடிந்ததும் சாவியை எடுத்துக்கொண்டு மேலே போனேன். உடம்பில் இன்னும் சூடு இருந்தது. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார் மருத்துவர். அவர் மகள் ஷின்ரூ என் கையைப் பிடித்துக்கொண்டு, கடைசியில் நீங்களாவது பக்கத்தில் இருந்தீர்களே என்று அழுதாள். அடக்கச் செலவில் பாதியை ஏற்றுக்கொண்டேன்.

சத்தம் கேட்டும் ஏன் உடனே போகவில்லை என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். குப்பை போட இறங்கியிருப்பார் என்று நினைத்தேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை.